கெங்குவார்பட்டிக் கல்லின் சூடு

வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் செல்லும் சாலையில், கொடைக்கானல் மலையடிவாரத்தில் இருக்கிறது கெங்குவார்பட்டி. பேருந்து ஜன்னல் வழியே பார்த்தால் தோப்புகளும் அவற்றுக்குப் பின்னால் சட்டென்று எழும் மலைச்சரிவும் தெரியும். ஜெர்மனியிலோ ஜப்பானிலோ உருமாற்றப் பாறைகளை ஆராய்கிறவர்களிடம் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். 1982இல் அமெரிக்கக் கனிமவியலாளர் எட்வர்ட் க்ரூ, இங்குள்ள பாறைகளில் சஃபைரின், கார்னெருபின் போன்ற அபூர்வக் கனிமங்கள் இருப்பதை இந்திய நிலவியல் சங்கத்தின் ஆய்விதழில் எழுதினார். அதன்பின் பலரும் தேடி வந்தார்கள். சுத்தியலால் தட்டிப் பெயர்த்த துண்டுகளைத் தங்கள் ஆய்வகங்களுக்கு எடுத்துச் சென்றார்கள். அவர்கள் கணக்கிட்டுச் சொன்னது இது: இந்தக் கல் ஒரு காலத்தில் ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ் சூட்டில், தரைக்குக் கீழே 30 முதல் 35 கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்தது.

மனிதர் துளைத்ததிலேயே ஆழமானது ரஷ்யாவின் கோலா துளை. 12,262 மீட்டர் வரை போனார்கள். அடியில் சூடு 180 டிகிரியை எட்டியதும் அதற்கு மேல் துளைக்க முடியவில்லை. அப்படியிருக்க, அதைப்போல மூன்று மடங்கு ஆழத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நிலவிய வெப்பத்தையும் அழுத்தத்தையும் எண்ணாகச் சொல்வது எப்படி? நிலவியலின் மிக அழகான வேலைகளில் ஒன்று இது என்பது என் எண்ணம். வெப்பமானியும் அழுத்தமானியும் பாறைக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிய வேண்டும். எப்போது நம்பக் கூடாது என்பதும் தெரிய வேண்டும்.

அழுத்தத்தை ஆழமாக மாற்றுவது எளிது. மேலே குவிந்திருக்கும் பாறையின் எடைதான் அழுத்தம். நிலவியலாளர்கள் அதைக் கிலோபாரில் சொல்வார்கள். ஒரு கிலோபார் என்றால் நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. கண்ட மேலோட்டின் பாறை அடர்த்தியை வைத்துப் பார்த்தால், சுமார் மூன்றரைக் கிலோமீட்டர் பாறை ஒரு கிலோபார் கொடுக்கும். எனவே 10 கிலோபார் என்று ஒரு கனிமம் சொன்னால் 35 கிலோமீட்டர் என்று வாசிக்கலாம். வெப்பத்துக்கு இப்படிச் சுருக்கு வழி இல்லை. ஒரே ஆழத்தில் ஓரிடம் 500 டிகிரியாகவும் இன்னோரிடம் 1000 டிகிரியாகவும் இருக்க முடியும்.

முதல் துப்பு, எந்தக் கனிமங்கள் கூடியிருக்கின்றன என்பது. அலுமினியம் 2, சிலிக்கான் 1, ஆக்சிஜன் 5 என்ற ஒரே கூட்டமைப்பில் மூன்று கனிமங்கள் உண்டு: ஆண்டலூசைட், கயனைட், சிலிமனைட். அணுக்கள் அதேதான், அடுக்குமுறைதான் வேறு. அழுத்தம் ஓங்கினால் நெருக்கமாக அடுக்கிய கயனைட் நிலைக்கும். சூடு ஓங்கினால் சிலிமனைட். இரண்டும் குறைவாக இருந்தால் ஆண்டலூசைட். மூன்றும் ஒன்றாக நிலைத்திருக்கக்கூடிய புள்ளி, சுமார் 500 டிகிரியிலும் 4 கிலோபார் அருகிலும் இருப்பதாகச் சோதனைகள் காட்டின. 1893இல் ஜார்ஜ் பாரோ ஸ்காட்லாந்து மலைகளில் நடந்து நடந்து, கனிமங்கள் வரிசை மாறாமல் பட்டை பட்டையாக வருவதை வரைபடத்தில் குறித்தார். ஃபின்லாந்தின் பெண்ட்டி எஸ்கோலா 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் பொதுவிதியாக்கினார். அதாவது, வேதிக்கலவை ஒன்றாக இருக்கும் பாறைகளில் கனிமங்கள் மட்டும் வேறுபட்டால், அவை இருந்த சூடும் அழுத்தமும் வேறு.

கெங்குவார்பட்டியும் அடங்கிய மதுரை வட்டாரத்தில், பழைய களிமண் படிவுகளிலிருந்து உருமாறிய நைஸ் பாறைகளில் வருவது சிலிமனைட். ஊசி ஊசியாக, வெளிறிய நார்க்கட்டுகளாக இருக்கும். அதைக் கண்டதுமே, பாறை நல்ல சூட்டைப் பார்த்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் சிலிமனைட்டின் ஆட்சிப்பரப்பு மிகப் பெரியது. 600 டிகிரியிலும் அது உண்டு, 1000 டிகிரியிலும் உண்டு. எல்லைக்கோடு கிடைக்கிறது, எண் கிடைக்கவில்லை.

எண் கிடைப்பது, இரண்டு கனிமங்கள் தமக்குள் தனிமங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் விகிதத்திலிருந்து. கார்னெட்டை மதுரைக்காரர்கள் பலர் பெயர் தெரியாமலே பார்த்திருப்பார்கள். மேலூர்ப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து வெட்டி, பாலிஷ் போட்டு, ‘காஷ்மீர் ஒயிட்’ என்ற பெயரில் விற்கும் வெள்ளைக் கல்லில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். அவை கார்னெட். காஷ்மீருக்கும் அந்தக் கல்லுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கார்னெட்டில் இரும்பும் மக்னீசியமும் ஒரே இருக்கையில் மாறி மாறி அமரக்கூடியவை. அதன் பக்கத்தில் இருக்கும் கறுப்பு மைக்காவான பயோடைட்டிலும் அப்படியே. கார்னெட்டுக்கு இரும்பின் மேல் விருப்பம் அதிகம். பயோடைட்டுக்கு மக்னீசியத்தின் மேல். சூடு ஏற ஏற இந்தப் பாரபட்சம் தளர்ந்து, பங்கீடு சமத்தை நோக்கி நகரும்.

1978இல் ஜான் ஃபெர்ரியும் ஃபிராங்க் ஸ்பியரும் இதை ஆய்வகத்தில் அளந்தார்கள். 550 முதல் 800 டிகிரி வரை வெவ்வேறு சூட்டில், 2.07 கிலோபார் அழுத்தத்தில் கார்னெட்டையும் பயோடைட்டையும் சேர்த்து வைத்து, பங்கீடு எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தார்கள். அவர்கள் தந்த சமன்பாட்டில் 8 கிலோபாரைப் போட்டுக் கணக்கிட்டால் இப்படி வருகிறது. கார்னெட்டில் உள்ள மக்னீசிய–இரும்பு விகிதத்தைப் பயோடைட்டில் உள்ள அதே விகிதத்தால் வகுக்கும்போது 0.16 வந்தால், சூடு ஏறத்தாழ 550 டிகிரி. 0.24 வந்தால் 700 டிகிரி. 0.29 வந்தால் 800. அழுத்தத்தைத் தவறாக எடுத்துக்கொண்டாலும் பெரிய மோசமில்லை; ஒரு கிலோபார் பிசகினால் விடை நாலைந்து டிகிரிதான் நகரும். இருக்கை மாறும் இரண்டு அணுக்களும் ஏறக்குறைய ஒரே பருமன் என்பதால், மாற்றத்தில் பாறையின் கன அளவு அநேகமாகக் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. கன அளவு மாறாத இடத்தில் அழுத்தத்துக்கு வேலை இல்லை. நல்ல வெப்பமானியின் லட்சணம் அதுதான்.

அழுத்தமானிக்கு இதன் நேரெதிர் வேண்டும். கன அளவு பெரிதாக மாறும் வினையைத் தேட வேண்டும். பிளாஜியோகிளேஸ் என்ற ஃபெல்ஸ்பாரில் உள்ள கால்சியக் கூறு அனார்த்தைட். மூன்று பங்கு அனார்த்தைட் உடைந்தால் ஒரு பங்கு கால்சியக் கார்னெட், இரண்டு பங்கு சிலிமனைட், ஒரு பங்கு குவார்ட்ஸ் கிடைக்கும். உடைவதற்கு முன் கன அளவு சுமார் 302 கன சென்டிமீட்டர். உடைந்த பின் சுமார் 248. ஐந்தில் ஒரு பங்கு கிட்டத்தட்டச் சுருங்கிவிடுகிறது. அழுத்தம் கூடினால், இடத்தைக் குறைக்கும் பக்கத்துக்கே பாறை சாயும். எனவே கால்சியம் ஃபெல்ஸ்பாரைவிட்டுக் கார்னெட்டுக்குள் போகும். அழுத்தம் தளர்ந்தால் திரும்பி வரும். கார்னெட், ஃபெல்ஸ்பார், சிலிமனைட், குவார்ட்ஸ் நான்கும் ஒரே பாறையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், முதல் இரண்டில் கால்சியம் எவ்வளவு என்று அளந்தாலே ஆழம் வந்துவிடும்.

1981இல் இந்த அழுத்தமானியைத் துல்லியமாக்கியவர்களில் ஒருவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் நியூட்டன். அவர் ஆய்வகத்தோடு நிற்கவில்லை. மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் ஜனார்தனுடனும் ஹான்சனுடனும் சேர்ந்து, தென் கர்நாடகத்திலும் வட தமிழ்நாட்டிலும் சாதாரண நைஸ் பாறை எப்படிச் சார்னோகைட்டாக மாறுகிறது என்று ஆராய்ந்து 1982இல் வெளியிட்டார். சார்னோகைட் நமக்கு அந்நியமான கல் அல்ல. சென்னைப் பரங்கிமலையின் கல் அது. கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லாக இருந்ததைக் கண்டு தாமஸ் ஹாலந்து அதற்கு அந்தப் பெயரை வைத்தார். கொடைக்கானல் மலைத்தொகுதியின் பெரும்பகுதியும் அதுவே.

அளப்பதற்குப் பாறையை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டுவார்கள். அந்தச் சீவலின் மேல் எலக்ட்ரான் கற்றையைக் குவித்தால், ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளிவிடும். அதை எண்ணி, ஓரிரு மைக்ரான் அகலமுள்ள புள்ளியின் வேதிக்கலவையைச் சொல்லலாம். இப்படி அளக்கும் கருவிக்கு அடித்தளமிட்டது 1951இல் பாரிஸில் ரெமோன் காஸ்டேன் எழுதிய முனைவர் பட்ட ஆய்வு. அதற்கு முன்பு கனிமத்தைப் பொடித்துப் பிரித்து, கரைத்துத்தான் பகுத்தார்கள். அப்போது கிடைத்தது ஒரு மணியின் மொத்தச் சராசரி. மணியின் நடுப்பகுதி ஒரு கதையையும் விளிம்பு வேறு கதையையும் சொல்வதைப் பார்க்க வழியே இருக்கவில்லை.

சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பாறையில் செல்லாது. கெங்குவார்பட்டிப் பாறையில் கார்னெட்டின் விளிம்பையும் அதைத் தொடும் பயோடைட்டையும் அளந்து ஃபெர்ரி–ஸ்பியர் சமன்பாட்டில் போட்டால், 1000 டிகிரி வராது. அதைவிட மிகக் குறைவாகவே வரும். சமன்பாட்டில் பிழையில்லை. இரும்பும் மக்னீசியமும் துறுதுறுப்பானவை. பாறை ஆறத் தொடங்கிய பிறகும் அவை இடம் மாறிக்கொண்டே இருக்கும். சூடு ஓரளவுக்குக் கீழே இறங்கிய பிறகே அடங்கும். எனவே அந்த வெப்பமானி காட்டுவது, இடமாற்றம் நின்றுபோன கட்டத்தின் சூட்டை. உச்ச சூட்டை அது அழித்து எழுதிவிட்டது. 1970களிலும் 80களிலும் உலகமெங்கும் பல ஆழ்மேலோட்டுப் பாறைகளுக்கு 700, 750 டிகிரி என்று கணிப்புகள் வந்ததில் இதற்கும் பங்குண்டு. ஒரு கட்டுரையில் ‘வெப்பம் 730 டிகிரி’ என்று படித்தால், நான் முதலில் தேடுவது எந்தக் கனிம ஜோடி, நடுவா விளிம்பா என்பதைத்தான். அது சொல்லப்படாத எண்ணுக்கு மதிப்பில்லை. சொல்லப்பட்டாலும் 50 டிகிரி அப்படி இப்படி, ஒரு கிலோபார் அப்படி இப்படி என்ற இடைவெளியோடு படிப்பதே நியாயம். ஒரு கிலோபார் என்றாலே மூன்றரைக் கிலோமீட்டர் அல்லவா?

உச்ச சூட்டைப் பிடிக்க, அசைய மறுக்கும் அணுக்களிடம் போக வேண்டும். அலுமினியம் அப்படிப்பட்டது. ஆர்த்தோபைராக்சின் என்ற கனிமம், கார்னெட்டின் துணையோடு வளரும்போது, சூடு அதிகமாக இருந்தால் அதிக அலுமினியத்தை ஏற்றுக்கொள்ளும். ஒருமுறை உள்ளே போன அலுமினியம் எளிதில் வெளியேறாது. மிக உயர் வெப்பப் பாறைகளில் பைராக்சின் மணியின் நடுவில் அலுமினியம் ஆக்சைடு எடையில் 8 சதவீதத்தையும் தாண்டுவதுண்டு. ஃபெல்ஸ்பாரும் உதவும். கால்சியம், சோடியம், பொட்டாசியம் மூன்றும் ஒரே படிகத்தில் கலந்திருக்க 900 டிகிரிக்கு மேற்பட்ட சூடு வேண்டும். ஆறும்போது அவை மெல்லிய கோடுகளாகப் பிரிந்துவிடும். அந்தக் கோடுகளை எல்லாம் சேர்த்து அளந்து, கணக்கில் மீண்டும் கலந்துவிட்டால், பிரிவதற்கு முன்பிருந்த சூடு தெரியவரும்.

எல்லாவற்றையும்விட வலுவான சாட்சி ஒன்று உண்டு. அது சஃபைரினும் குவார்ட்ஸும் இடையில் எதுவும் இல்லாமல் ஒட்டிக்கொண்டிருப்பது. சஃபைரின் என்பது மக்னீசியமும் அலுமினியமும் மிகுந்த நீல நிறக் கனிமம். சாதாரணச் சூட்டில் குவார்ட்ஸோடு அது சேர்ந்து வாழாது. இரண்டும் வினைபுரிந்து கார்டியரைட் என்ற கனிமமாகவோ, பைராக்சினும் சிலிமனைட்டுமாகவோ மாறிவிடும். 1000 டிகிரியை நெருங்கினால்தான் இரண்டும் சமாதானமாக இருக்கும். 1968இல் டால்விட்ஸ் என்பவர் அண்டார்டிகாவின் எண்டர்பி நிலத்தில் இந்த ஜோடியைக் கண்டு சொன்னபோது, கண்ட மேலோடு இவ்வளவு சூட்டைத் தாங்குமா என்றே பலர் வியந்தார்கள். தென்னிந்தியாவில் இந்த ஜோடி கிடைத்ததாக முதல் அறிக்கை 2004இல் வந்தது. இடம், மதுரைக்குத் தென்மேற்கே ராஜபாளையம். ஜப்பானியர்களான டதேய்ஷி, ட்சுனோகே ஆகியோருடன் சந்தோஷும், 1982இல் நியூட்டனோடு உழைத்த அதே ஜனார்தனும் அதை எழுதினார்கள். எச்சரிக்கை ஒன்றும் உண்டு. சஃபைரினில் உள்ள இரும்பு நன்றாக ஆக்சிஜனேற்றம் அடைந்திருந்தால் இந்த ஜோடி இன்னும் குறைந்த சூட்டிலும் நிலைக்கும். ஆகவே ஜோடியைக் கண்டவுடன் எண்ணை அறிவித்துவிட முடியாது. இரும்பின் நிலையையும் பார்த்தாக வேண்டும்.

கெங்குவார்பட்டிப் பாறையை நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் உச்ச நிலையோடு, அது ஏறி வந்த வழியும் தெரியும். பெரிய கார்னெட் மணிகள் ஓரமெல்லாம் அரிக்கப்பட்டுக் கிடக்கும். அரித்த இடத்தில், விரல்ரேகை போல நெளிநெளியாகப் பின்னிய பைராக்சினும் வெளிர்நீலச் சஃபைரினும், அவற்றுக்கு இடையே நிறமற்ற கார்டியரைட்டும் நிரம்பியிருக்கும். இந்தப் பின்னல் ஒரு வினை பாதியில் நின்றுபோனதன் தடயம். கார்னெட்டின் அடர்த்தி தண்ணீரைப்போல நாலு மடங்கை நெருங்கும். கார்டியரைட்டின் அடர்த்தி 2.6 மடங்குதான். அடர்ந்த கனிமம் அழிந்து அடர்த்தி குறைந்த கனிமம் வளர்ந்திருக்கிறது என்றால், பாறை மேல் உள்ள சுமை குறைந்திருக்கிறது. பின்னல் வளரும்போதும் சூடு பெரிதாக இறங்கியிருக்கவில்லை என்று அதே பைராக்சினின் அலுமினியம் சொல்கிறது. சூட்டோடு சூடாகப் பாறை மேலே வந்திருக்கிறது. 1986இல் மோகன், ஆக்கர்மண்ட், லால் ஆகியோர் இந்தப் பின்னல்களை வைத்து அழுத்த–வெப்பப் பாதையை வரைந்தார்கள். 1997இல் ராய்த், கர்மாகர், பிரௌன் மூவரும் பழனி மலைத்தொடர் முழுவதற்கும் அதைப் பல கட்டங்களாக விரித்தார்கள். 2004இல் சஜீவும் ஒசனாயும் சந்தோஷும் கெங்குவார்பட்டிக்கே திரும்பி வந்து, அழுத்தம் இரண்டு கட்டமாகத் தளர்ந்ததாகக் காட்டினார்கள். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு வெப்பமானி ஒரு கணத்தை மட்டும் சொல்லும். வினை முடியாமல் நின்றுபோன கல் பயணத்தையே சொல்கிறது.

இன்று இந்தக் கணக்கைத் தனித்தனி வெப்பமானிகளை நம்பிச் செய்வது குறைந்துவிட்டது. பாறையின் மொத்த வேதிக்கலவையைக் கொடுத்தால், ஒவ்வொரு வெப்ப அழுத்தத்திலும் எந்தெந்தக் கனிமங்கள் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணினி வரைந்து தரும். பவல், ஹாலந்து ஆகிய இருவரும் உருவாக்கிய தெர்மோகால்க் நிரல் இதில் பரவலாகப் புழங்குகிறது. (இவர் டிம் ஹாலந்து, சார்னோகைட்டுக்குப் பெயர் வைத்தவர் வேறு.) ஆனாலும் கணினி, பாறை சமநிலையில் இருந்தது என்று எடுத்துக்கொண்டே கணக்குப் போடும். அது உண்மைதானா என்று சீவலைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது மனிதக் கண்தான்.

சரி, கண்ட மேலோட்டில் 1000 டிகிரி எப்படி வந்தது? அதற்கு முதலில் மேலோடு எவ்வளவு தடித்திருந்தது என்று பார்க்கலாம். மதுரை நிலப்பகுதிக்குக் கீழே இன்றும் மேலோடு 35 முதல் 40 கிலோமீட்டர் கனம் இருப்பதாக நிலநடுக்க அலைகள் காட்டுகின்றன. இன்று தரையில் கிடக்கும் கல் அன்று 30, 35 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது. அடியில் பின்னர் புதிதாக எதுவும் பெரிய அளவில் ஒட்டவில்லை என்று கொண்டால், அன்றைய மேலோடு 70 கிலோமீட்டர் கனம். இன்று பூமியில் அவ்வளவு கனமான மேலோடு திபெத்தின் அடியில் இருக்கிறது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதி கோண்டுவானா என்ற பெருநிலம் உருவானபோது, இலங்கையும் மடகாஸ்கரும் அண்டார்டிகாவும் தென்னிந்தியாவை ஒட்டி நின்றன. யானைமலையும் நாகமலையும் நிற்கும் மதுரைச் சமவெளியின் மேல் அன்று இமயத்துக்கு நிகரான மலைத்தொடர் இருந்திருக்க வேண்டும். இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் இதே சஃபைரின்–குவார்ட்ஸ் ஜோடி கிடைத்திருப்பது தற்செயல் அல்ல.

தடித்த மேலோடு மட்டும் போதாது. வழக்கமான மேலோட்டில் 35 கிலோமீட்டரில் 500, 600 டிகிரி இருந்தால் அதிகம். மிச்ச வெப்பத்துக்கு இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, கீழிருந்து கொதிக்கும் எரிமலைக் குழம்பு புகுந்து சூடேற்றியிருக்கலாம். மற்றொன்று, பாறைகளிலேயே இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைந்து விடும் வெப்பம், தடித்த மேலோட்டுக்குள் வெளியேற வழியின்றிச் சேர்ந்திருக்கலாம். 2015இல் கிறிஸ் கிளார்க்கும் கூட்டாளிகளும் தென்னிந்தியப் பாறைகளின் கதிரியக்க வெப்பத்தை அளந்து, அரிப்பு மெதுவாக நடந்து மலை நீண்ட காலம் நிலைத்திருந்தால் இரண்டாவது வழியே போதும் என்று வாதிட்டார்கள். எனக்கும் அந்தப் பக்கமே நியாயம் தெரிகிறது. குழம்பு சூடேற்றினால் வேகமாக ஏறி வேகமாக ஆறும். கதிரியக்கத்துக்குப் பல கோடி ஆண்டுகள் தேவை.

ஆக, வெப்பம் எவ்வளவு என்பதோடு எவ்வளவு காலம் என்பதும் தெரிந்தாக வேண்டும். அதற்கு உதவுவது மோனசைட். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிறதே, தோரியம் கொண்ட அதே கனிமம். பாறைச் சீவலில் அது தூசி போல இருக்கும். அதன் தோரியமும் யுரேனியமும் ஈயமாகச் சிதைந்த அளவிலிருந்து அதன் வயது தெரியும். கார்னெட் வளரும்போது இட்ரியத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும் என்பதால், கார்னெட்டோடு சேர்ந்து வளர்ந்த மோனசைட்டில் இட்ரியம் குறைவாக இருக்கும். கார்னெட் அழிந்து பின்னலாக மாறியபோது வளர்ந்ததில் அதிகமாக இருக்கும். ஒரே மணியிலேயே இட்ரியம் குறைந்த நடுவுக்கும் மிகுந்த விளிம்புக்கும் தனித்தனியே வயது கணித்து, இரண்டின் வித்தியாசத்தை எடுத்தால், கல் ஆழத்தில் சூட்டோடு கிடந்த காலம் தெரியும். அது சில லட்சம் ஆண்டுகள் என்றால் குழம்பு. பல கோடி ஆண்டுகள் என்றால் கதிரியக்கம்.